கிராண்டில் இருக்கும் பெயர்

வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு உழைத்துக் கொடுத்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள், ஒரு காலத்தில் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருந்தவை, இன்று நகரத்து விரும்பிகள் தேடி வந்து விலை பேசும் பொருள்களாகிவிட்டன. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும், பின்கட்டுச் சாய்ப்பின் கீழ் சாக்குப் போர்த்திக் கிடக்கும் ஹோண்டா வண்டிக்கு இப்போது கேட்பார் உண்டு. ஆனால் இந்த வணிகத்தில் வாங்குவோரின் பார்வை செல்லும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதலில் சாயத்தையும் குரோமிய மினுக்கையும் பார்க்கிறார்கள், அடுத்து இயந்திரத்தின் ஓசையைக் கேட்கிறார்கள், பணம் கைமாறும் நேரத்தில்தான் கிராண்ட் என்று மலேசியத் தமிழர் வழங்கும் வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான் என்பதற்குச் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தோட்டத்து மக்களின் வரலாறு சொல்லும் காரணம் இன்னொன்றும் உண்டு. இரண்டாவது காரணம் போதிய அளவு பேசப்படவில்லை.

ஒற்றை சிலிண்டர் வண்டி என்பது, எரிபொருளும் காற்றும் கலந்து எரியும் உருளை ஒன்றே ஒன்றாக அமைந்த இயந்திரத்தைக் கொண்ட வண்டியாகும். உருளைக்குள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன், இணைப்புத் தண்டின் வழியாகக் கிராங்க் எனப்படும் சுழல்தண்டைச் சுற்ற, அந்தச் சுழற்சி கியர் பெட்டிக்கும் சங்கிலிக்கும் போய்ப் பின்சக்கரத்தை உருட்டுகிறது. இத்தகைய இயந்திரத்தில் உறுப்புகள் குறைவு, ஆகையால் பழுதாகும் இடங்களும் குறைவு. திருகாணி முடுக்கியும் சில சாவிகளும் கொண்டு மரத்தடியிலேயே பிரித்துச் சேர்த்துவிடலாம் என்பதால், பட்டணத்துப் பட்டறைக்குத் தொலைவில் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இது பொருந்திய வண்டியாயிற்று. அதே அமைப்புக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சுமை முழுவதையும் ஒரே பிஸ்டனும் ஒரே இணைப்புத் தண்டும் தாங்குவதால், அவற்றில் ஒன்று தேய்ந்தால் அதன் பங்கை ஏற்க வேறு உருளை கிடையாது.

மலாயாவின் சாலைகளில் இவ்வகை வண்டியை மக்கள் வாகனமாக்கியது ஹோண்டா கப் ஆகும். ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த சூப்பர் கப் சி100 என்னும் அந்த வண்டி, 49 சிசி கொள்ளளவும் 4.5 குதிரைத்திறனும் கொண்ட நான்கடிப்பு இயந்திரத்தைத் தாங்கி வந்தது. பிஸ்டனின் நான்கு நகர்வுகளில் ஒரு முறை எரிபொருள் எரியும் இயந்திரத்தை நான்கடிப்பு என்றும், இரண்டு நகர்வுகளில் ஒரு முறை எரிவதை ஈரடிப்பு என்றும் கூறுவர்; ஈரடிப்பு இயந்திரம் எண்ணெயையும் பெட்ரோலோடு சேர்த்து எரித்துப் புகை கக்கிய காலத்தில், புகையின்றியும் குறைந்த பெட்ரோலிலும் ஓடிய நான்கடிப்பு வண்டி பெரும் மாற்றமாக இருந்தது. கைப்பிடியில் கிளட்ச் நெம்புகோல் கிடையாது. இயந்திரத்தின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் தானே பற்றிக்கொள்ளும் கிளட்ச் உள்ளே இருந்தது. காலை உயரத் தூக்காமல் ஏறி அமரத் தாழ்ந்த நடுப்பகுதியும், சேறு தெறிக்காமல் காலை மறைக்கும் பிளாஸ்டிக் கேடயமும், மேடுபள்ளத்தைத் தாண்டும் 17 அங்குலச் சக்கரங்களும் இருந்தன. சேலையும் சாரமும் உடுத்தியவர்கள் அமரக்கூடிய வண்டி என்பது தோட்டத்துக்குச் சிறிய வசதியன்று. அதே ஆண்டில், இயந்திரத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிப் பினாங்கில் வணிகராக உயர்ந்த லோ பூன் சியூ, ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்று அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 1966-இல் சி50 என்ற புதிய வடிவமும், அதன்பின் 72 சிசி கொண்ட சி70 வடிவமும், 1980-களின் பிற்பகுதியில் 97 சிசி கொண்ட இஎக்ஸ்5 வண்டியும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தன. சிறிய கப் என்னும் பொருளில் கப்சாய் என்று நாடு முழுவதும் வழங்கும் பெயர் இந்த இனம் முழுமைக்கும் ஆகிவந்தது. 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் உற்பத்தியான சூப்பர் கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. வேறெந்த மோட்டார் வாகனமும் எட்டாத தொகை அது.

வட சிலாங்கூரின் நிலமும் தொழிலும் இவ்வண்டிகளின் உடலில் தடம் பதித்திருக்கின்றன. பிரெஞ்சுத் தோட்டக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே 1917-ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் நட்ட செம்பனையே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகக் கருதப்படுகிறது. தம் மலாயா வாழ்க்கையைப் பின்புலமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆயினும் இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் நெடுங்காலம் பெரும்பாலும் ரப்பரையே நம்பியிருந்தன. ரப்பர் அழிந்து செம்பனை பரவலாக எழுந்தது பிற்காலத்தில்தான். இந்த மாற்றம் வண்டியின் உழைப்பையும் மாற்றியது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கும் அங்கிருந்து பால் வெட்டும் நிரைக்கும் ஆளையும் பால் வாளியையும் சுமந்து போன வண்டி, செம்பனைக் காலத்தில் நீண்ட அறுவடைக் கம்பையும், சிறுதோட்டக்காரரிடம் குலைகளையும் சுமந்தது. முதிர்ந்த மரத்தின் குலை ஒன்றே 15 முதல் 25 கிலோ வரை எடையிருக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்திய இடங்களில் இரும்பை அரித்தது. கடலோரத்துக் களிமண்ணும், ராஜா மூசா பக்கத்துச் சதுப்பின் கரிமண்ணும், உள்நாட்டுச் செம்மண்ணும் சட்டகத்தின் இடுக்குகளில் அப்பி ஈரத்தைத் தேக்கின. இத்தகைய வண்டியை வாங்குபவர் அதன் கிலோமீட்டர் காட்டியைப் பார்ப்பதைவிட, அது என்ன வேலை செய்தது என்பதைக் கேட்பது பயன் தரும். பள்ளி ஆசிரியர் ஒருவர் தமிழ்ப்பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓட்டிய வண்டியும், குலை ஏற்றி ஒற்றையடிப் பாதையில் ஓடிய வண்டியும் ஒரே ஆண்டில் பதிவாகியிருக்கலாம். வயது ஒன்றாயினும் அவற்றின் எலும்பு ஒன்றாக இராது.

இங்கேதான் கிராண்டின் பொருள் விரிகிறது. தோட்டத்துத் தொழிலாளி குடியிருந்த லயம் என்னும் வரிசை வீடு தோட்ட நிறுவனத்தினுடையது. அவர் சீவிய மரமும், அவர் பிள்ளைகள் விளையாடிய திடலும் நிறுவனத்தினுடையவை. வேலை போனால் வீடும் போயிற்று. பல குடும்பங்களில், அரசாங்க முத்திரையோடு ஒரு தொழிலாளியின் பெயரைச் சொத்தின் உடைமையாளராகக் காட்டிய முதல் தாள், சீனர் கடையில் மாதத் தவணை கட்டி முடித்த மோட்டார் சைக்கிளின் கிராண்டாகவே இருந்திருக்கிறது. துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களையே தோட்டங்களின் பங்குடைமையாளர்களாக்க முயன்றதன் பின்னணியில் இருந்ததும் இதே உடைமையின்மைதான். நிலம் எல்லாருக்கும் கிட்டவில்லை. வண்டி கிட்டியது. அதைக் கொண்டு ஆண்கள் தோட்டத்துக்கு வெளியே வேலை தேடினர், பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளியை எட்டினர், பிள்ளைப்பேற்று நோவு கண்ட பெண்கள் இரவில் மருத்துவமனையை அடைந்தனர். ஆகவே பழைய வண்டி ஒன்றை வாங்குபவர் ஒரு குடும்பத்தின் முதல் சொத்துப் பத்திரத்தைக் கையில் வாங்குகிறார் என்று கொள்வது மிகையன்று.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், கிராண்டில் நான்கு செய்திகளை உடனே ஒப்பிட வேண்டும்: உடைமையாளரின் பெயர், பதிவெண், சட்டக எண், இயந்திர எண். சட்டக எண் என்பது வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண். இயந்திர எண் இயந்திரத்தின் உறையில் பொறிக்கப்பட்டது. சி70 வண்டியில் இவ்விரண்டும் வண்டி வகையின் பெயரோடு தொடங்கும்; இயந்திர எண்ணில் அப்பெயரை அடுத்து ‘இ’ என்னும் ஆங்கில எழுத்து சேரும். கிராண்டில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம் மாறினாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவது நல்லது. எண் பொறித்த இடம் அரத்தால் ராவப்பட்டிருக்கிறதா, இலக்கங்களின் ஆழமும் இடைவெளியும் ஒழுங்காக இருக்கின்றனவா, அந்தப் பகுதியில் மட்டும் சாயம் தடித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். புதுச்சாயம் பூசி எண்ணை மறைத்திருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்க இசையாத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே முறை. பழைய வண்டிகளின் விலை ஏற ஏற, திருட்டு வண்டியின் உடலை வேறொரு வண்டியின் தாளோடு சேர்த்து விற்கும் ஆசையும் ஏறும். யமஹா ஆர்எக்ஸ்இசட் என்னும் ஈரடிப்பு ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இளைஞர்களிடம் எழுந்துள்ள மோகம் இதற்குத் தக்க எச்சரிக்கை.

தோட்டத்து வண்டிகளில் இயந்திர எண் மாறியிருப்பதற்குத் திருட்டே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சி70-இன் இயந்திரம் கைவிட்டபோது, சட்டகத்தில் அதிக மாற்றமின்றிப் பொருந்திய இஎக்ஸ்5 இயந்திரத்தையோ, அதே வடிவில் சீனாவில் வார்க்கப்பட்ட இயந்திரத்தையோ பட்டறையில் ஏற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனவர்கள் பலர். அவர்களுக்கு அது பிழைப்பு. ஆனால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் ஒப்புதல் பெறாமல் மாற்றிய இயந்திரம், 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி புதிதாக வாங்குபவரின் தலையில் விழும் சிக்கலாகும். விற்பவர் நேர்மையானவர் என்பதாலேயே வண்டி சிக்கலற்றதாகிவிடாது என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும். நேர்மையாளரின் தாளில் பிழை இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு துறையின் முகப்பிடத்துக்குச் சென்று, திருத்த வழியுண்டா என்று விலை பேசும் முன்பே கேட்டுவிடலாம்.

தவணைக்கு வாங்கிய வண்டிகளின் கிராண்டில், கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை மலாய் மொழியில் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் குறிப்பு நீக்கப்படாமல் கிடக்கும் வண்டிகள் உண்டு. கடன் கொடுத்த கடையோ நிறுவனமோ இதற்குள் மூடப்பட்டிருந்தால் விடுவிப்புக் கடிதம் பெறுவது எளிதன்று. பதிவான உடைமையாளர் காலமாகியிருந்தாலோ நிலைமை இன்னும் சிக்கலாகும். தந்தை பெயரில் உள்ள வண்டியை மகன் கையெழுத்திட்டு விற்றுவிட முடியாது. மறைந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் முறைப்படி ஒருவருக்கு வழங்கப்பட்ட பிறகே பெயர் மாற்றம் இயலும். சிறிய அசையும் சொத்துகளுக்கு இந்த அதிகாரத்தை அமானா ராயா நிறுவனத்தின் வழியாகப் பெற இயலும். தோட்டத்துச் சாய்ப்புகளில் கிடக்கும் வண்டிகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை அவ்வட்டாரத்தை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஐந்நூறு வெள்ளிக்கும் ஆயிரம் வெள்ளிக்கும் இவ்வளவு அலைச்சலா என்று நினைத்து, பெயர் மாற்றாமலேயே கிராண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் பரவியிருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பழக்கம் கண்டிக்கத்தக்கது. பெயர் மாறாத வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டினால் சம்மன் பழைய உடைமையாளரின் பெயருக்கு வரும். விபத்தில் சிக்கினால் காவல்துறை தேடி வருவது அவர் வீட்டைத்தான். எழுத்தறிவு குறைந்த முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்டுப்போன வண்டிக்காக விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவது, அவர் உழைத்துச் சேர்த்த முதல் சொத்தை அவருக்கே எதிரான சுமையாக்கிவிடுகிறது. வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை. காப்புறுதி பதிவான பெயரோடு கட்டுண்டது என்பதால், இழப்பு நேர்ந்தால் கோரிக்கை எழுப்ப அவருக்கு உறுதியான நிலை இராது. விற்பவரும் வாங்குபவரும் கைரேகை வைத்துப் பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுப் பணமும் கைமாற வேண்டும் என்பதை இவ்வணிகத்தின் அடிப்படை நடைமுறையாகக் கொள்வது இரு தரப்புக்கும் நியாயம்.

தாள் சரியாக இருந்தால் இயந்திரத்துக்கு வரலாம். வண்டியைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே இயக்கிச் சூடேற்றி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். போனதும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்து அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தை உதைத்து இயக்கும்போதுதான் தேய்மானம் வெளிப்படும். உதைக்கும் நெம்புகோல் எதிர்ப்பேயின்றிக் கீழே இறங்கினால், பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ அழுத்தத்தைத் தக்கவைக்கவில்லை என்று பொருள். இயக்கிய முதல் நொடிகளில் மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வுத் தண்டின் வழியே எண்ணெய் கசிகிறது. அதைச் சிறு செலவில் சரிசெய்யலாம். வேகம் கூட்டும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் வளையமும் உருளையும் தேய்ந்திருக்கின்றன. உருளையைக் குடைந்து அகலமாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்துவதே அதற்கு மருந்து. சி70-இன் உருளை விட்டம் தொடக்கத்தில் 47 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் 0.25 மில்லிமீட்டராகக் கூட்டி, 48 வரை குடையலாம் என்பது தயாரிப்பாளர் வகுத்த எல்லை. எத்தனை முறை குடைந்தாயிற்று என்ற கேள்விக்கு விற்பவரிடம் விடை இல்லாவிட்டாலும் ஊர்ப் பட்டறைக்காரரிடம் இருக்கும்.

ஓசையைப் பகுத்துக் கேட்பதற்குப் பழக்கம் வேண்டும். சிலிண்டரின் இடப்பக்கம் எழும் உலர்ந்த சலசலப்பு, வால்வுகளை இயக்கும் கேம் சங்கிலி தளர்ந்ததால் வருவது, அச்சப்பட ஒன்றுமில்லை. வால்வின் மெல்லிய டிக்டிக் ஓசையும் இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கும். இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து, சுமை ஏறும்போது கனமாக எழும் தட்டலே அஞ்ச வேண்டியது. இணைப்புத் தண்டின் கீழ்முனையில் உருளும் பேரிங் தேய்ந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது. இவ்வகை இயந்திரங்களில் சுழல்தண்டு பல துண்டுகளை அழுத்தி இணைத்துச் செய்யப்பட்டது என்பதால், அதைப் பிரிக்க அழுத்துபொறியும், மீண்டும் சேர்த்தபின் நேர் பார்க்கும் கருவியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைதேர்ந்த ஒருவரும் தேவை. அத்தகைய கைகள் இவ்வட்டாரத்தில் குறைந்து வருகின்றன. பட்டறை முதியவர்கள் ஓய்வு பெற, அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். எனவே வண்டியை வாங்கும் முன் அதைப் பழுதுபார்க்கப் போகிறவரைக் கண்டுபிடிப்பதும் வாங்குவதன் ஒரு பகுதியே.

எண்ணெயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கப் இயந்திரம் கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ 0.8 லிட்டர், மாற்றித் தூர எறியும் தாள் வடிகட்டி அதில் கிடையாது. அதே எண்ணெய்தான் பிஸ்டனையும் கியர்களையும் கிளட்சையும் காக்கிறது. அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் தார்போலக் கறுத்திருந்தாலும், அதில் உலோகத் துகள் மினுங்கினாலும், வண்டியின் கடந்த காலம் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த வண்டிகள் எண்ணெய் இல்லாமலும் ஓடும் என்ற புகழ் நாடெங்கும் உண்டு. அந்தப் புகழை நம்பிப் பல நல்ல இயந்திரங்கள் பாழாயின.

சட்டகத்தை ஆராய வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். கப் வண்டியின் சட்டகம் குழாய்களால் ஆனதன்று. தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாகச் செய்து பற்றவைத்தது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் துரு வெளியே தெரியுமுன் உள்ளே வேரோடிவிடும். பின்சக்கர ஊசல்கை இணையும் இடம், பின்புற அதிர்வடக்கிகளின் மேல்முனை, மின்கலம் அமரும் தட்டு, கால் கேடயத்தின் பின்னால் மறைந்த முன்பகுதி ஆகியவற்றைத் திருகாணி முடுக்கியின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தால், உறுதியான இரும்பும் அரித்த இரும்பும் வெவ்வேறு ஒலி தரும். ஜெராம், கோல சிலாங்கூர்க் கடற்காற்றில் வாழ்ந்த வண்டிகளில் இந்தச் சோதனை தவறக்கூடாது. கால் கேடயத்தைக் கழற்ற மறுப்பவரிடம் வற்புறுத்திக் கேட்கலாம். அங்கே ஒட்டுத்தகடு வைத்து மக்கு பூசி மறைத்த துருவே இவ்வணிகத்தின் பெரிய ஏமாற்று. துருவேறிய சட்டகம் சாலையில் முறிந்தால் போவது பணம் மட்டுமாக இராது.

மின்னமைப்பிலும் காலம் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதி மலேசியாவில் 1992-இல் வந்தது. பழைய சி70-இன் 6 வோல்ட் அமைப்போ, பகலில் விளக்கெரிப்பதை எவரும் எண்ணாத காலத்தில் வகுக்கப்பட்டது. இன்றைய போக்குவரத்தில் அதன் மங்கிய ஒளியை எதிரே வரும் செம்பனை லாரி ஓட்டுநர் காண்பது அரிது. ஆகவே 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியை, அசல் தன்மை கெட்டது என்று ஒதுக்குவதில் நியாயமில்லை. நாட்டின் சாலை இறப்புகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களில் செல்வோரே என்ற நிலையில், பழைய டிரம் பிரேக்கையும் மெல்லிய டயரையும் கொண்ட வண்டியை ஓட்ட விரும்புவோர் அதன் பிரேக் கட்டைகளையும் சக்கரக் கம்பிகளையும் புதிதாக மாற்றுவதை அழகுச் செலவுக்கு முன்பே செய்தாக வேண்டும்.

பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர்களை நாடுவோர் வேறு கணக்கும் போட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 வடிவத்தை இழப்பீடாகப் பெற்று 1948-இல் உருவான 123 சிசி பிஎஸ்ஏ பேண்டம் போன்ற சிறு வண்டிகள், 250 சிசி வரை செல்லும் பி2 உரிமத்துக்குள் அடங்கும். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நகர்வும் கொண்ட 346 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கு அந்த உரிமம் போதாது. 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவான அந்த வண்டிக்குத் தமிழகத்தில் உதிரிப்பாகமும் கைத்திறனும் தெருவுக்குத் தெரு உண்டு. வட சிலாங்கூரில் அவ்வாறில்லை. இங்கே அந்த இடம் கப்புக்கு உரியது. ஊர்க் கடையில் பாகம் கிடைக்கும் வண்டியே ஓடும் வண்டி என்பதால், முதல் முறை வாங்குபவருக்குக் கப் இனமே தகுந்தது.

மீட்டமைப்பு என்ற பெயரில் நடப்பவற்றிலும் ஒரு திருத்தம் வேண்டும். தேய்ந்த அசல் சாயத்தையும், தோட்டத்துப் பட்டறையில் ஒட்டவைத்த சுமைதாங்கியையும், பழைய பதிவெண் பலகையையும் கழற்றி எறிந்துவிட்டு, ஜப்பானிய விளம்பரப் படத்தில் உள்ளதுபோல் பளபளக்கச் செய்வது பொதுவான நடைமுறையாகிவிட்டது. அதனால் உருவாகும் வண்டி எந்த ஊருக்கும் உரியதாகலாம். பால் டின் கட்டிய கம்பித்தழும்பு உள்ள சுமைதாங்கி, புக்கிட் ஈஜோக்கிலோ ராஜா மூசாவிலோ மட்டுமே உருவாகியிருக்கக் கூடியது. இந்நாட்டு அருங்காட்சியகங்களில் தோட்டத்துத் தொழிலாளரின் பொருள் வாழ்வுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சிறிது. அவர்கள் உரிமை கொண்டாடிய பொருள்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இந்த வண்டிகள் முதன்மையானவை. இயந்திரத்தையும் பிரேக்கையும் மின்கம்பிகளையும் புதுப்பித்து, மேல்தோலை அப்படியே காப்பது பாதுகாப்பையும் வரலாற்றையும் ஒருங்கே மதிக்கும் வழி.

விலையைப் பொறுத்தவரை, நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டி பெறும் மதிப்பை அறியாத முதியவரிடம், இரும்பு விலைக்கு வாங்கிச் செல்வதைத் திறமையாகக் கருதும் போக்கு வெட்கத்துக்குரியது. இடைத்தரகர்கள் தோட்டந்தோட்டமாகச் சுற்றி இவ்வாறு வாங்குவதை ஊர்க் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கவனத்தில் கொள்ளலாம். சந்தை விலையைச் சொல்லி, பழுதுச் செலவைக் கணக்கிட்டுக் காட்டி, எஞ்சியதைக் கொடுப்பதே நேரிய முறை. அப்படிக் கேட்டால் விற்க மறுத்து வண்டியைப் பேரனுக்கு வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இருக்கும், அதுவும் நல்ல முடிவே.

விற்க இசைந்த குடும்பத்திடம் இன்னொன்றையும் செய்யலாம். பெயர் மாற்றத்துக்குச் செல்லும் முன் பழைய கிராண்டை இரண்டு நகல் எடுத்து, முதல் உடைமையாளரின் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், வண்டி வாங்கிய கடை, அது சுமந்த வேலை ஆகியவற்றை அவர் வாயாலேயே கேட்டு நகலின் பின்புறம் தேதியிட்டு எழுதி, ஒன்றைக் குடும்பத்திடமும் மற்றதை வண்டியோடும் வைக்க வேண்டும். வண்டி மறுபடி கைமாறும்போது அந்த நகலும் அதனுடன் கைமாற வேண்டும்.